மாதம்மாள் கடித்த குழாய்

— “மைசூர் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வாருங்கள். உங்கள் ஊரில், உங்கள் கண்ணெதிரே நடந்த ஓர் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.” இப்படித் தொடங்குகிறது, அச்சாகி வந்திருக்கும் என் துண்டறிக்கை. ஏன் வாசலிலேயே நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள், ஹில்டா சகோதரி. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்திருப்பதும் நல்லதே. குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் குற்றச்சாட்டைப் படிப்பதுதான் முறை.

— நான் நோட்டீஸ் கேக்க வரல சார். உங்க சம்சாரத்தைப் பாக்க வந்தேன். நாளைக்கு வியாழக்கிழமை. பெங்களூர் டாக்டர் மாசத்துல ரெண்டு தடவை வர்ற நாள். நாளைக்கு விட்டா அடுத்த மாசம்தான் வருவார்.

— படித்து முடித்த பிறகு பேசுவோம். “இம்மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பூண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெயர் மாறியது. உழைப்பவன் வீட்டுப் பெண்ணின் நிலை மாறியதா? இரயில்வே பட்டறைத் தொழிலாளி லிங்கப்பனாகிய என் வாழ்க்கைத் துணைவி மாதம்மாள், நாற்பத்திரண்டு வயதினள், மூன்று மாதங்களாக வயிற்று வலியால் வாடி, இருமுறை இரத்த வாந்தி எடுத்து, நம்பிக்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நால்வர் அவளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்தனர். ஒருவர் தலையைப் பற்றினார். மற்றொருவர் வாயைத் திறந்தார். கறுப்புக் குழாய் ஒன்று அவள் தொண்டைக்குள் செலுத்தப்பட்டது. எதற்கென்று அவளுக்கு ஒரு சொல் சொல்லப்படவில்லை. மாட்டுக்கு மருந்து புகட்டுகிறவன்கூட அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் மூங்கில் குழாயை நீட்டுகிறான்.”

— ஏனுங், அந்த மாட்டுப் பேச்சு வேண்டாமுன்னு நேத்தே சொன்னனில்லீங்.

— அது உவமை, மாதம்மா.

— உவமைன்னாலும் மாடு நானுதானுங்களே. சிஸ்டரம்மா, இப்படிப் பாயில உக்காருங். காப்பி வெக்கட்டுங்களா?

— வேண்டாம்மா. நீங்க எந்திரிக்காதீங்க. ரெண்டு வாரத்துல இப்படி எளைச்சுட்டீங்களே. காலையில வெளிக்குப் போனது என்ன நெறம்?

— ரோட்டுக்குத் தார் ஊத்தறாங்களே, அந்தாட்டத்தானுங்.

— கேட்டீங்களா சார்? உள்ள ரத்தம் கசிஞ்சிட்டே இருக்கு. எந்த இடத்துலன்னு பாக்காம மாத்திரையா குடுத்துட்டிருந்தா ஒரு நாள் கொட்டிடும். அன்னைக்கு ஆட்டோ பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

— அறிவியலை எதிர்ப்பவன் அல்லன் நான். பேய் ஓட்டுவதையும் மந்திரிப்பதையும் இருபது வருடமாக மேடை ஏறிக் கண்டித்து வருகிறேன். குழாயோடு எனக்கு வழக்கு இல்லை. அதைச் செலுத்திய முறையோடுதான் வழக்கு. இன்னும் இரண்டு பத்தி இருக்கிறது. “மூச்சு முட்டிய அந்தப் பெண் என்ன செய்வாள்? கடித்தாள். குழாய் பழுதானது. அவளைத் தேற்ற ஆளில்லை. குழாய்க்காக வருந்த ஆறு பேர் இருந்தனர். அவளுடைய சீட்டில் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று ஒரு கை எழுதியது. அந்தக் கைக்குரியவர் யார்?”

— நான்தான் சார்.

— என்ன?

— சீட்டுல எழுதினது நான். தலையைப் பிடிச்சதும் நான்தான். அதைச் சொல்லத்தான் டியூட்டி முடிச்ச கையோட நேரா வந்தேன். நீங்க எம் பேரையும் அச்சடிச்சுக்கலாம்.

— எனக்கு அன்னைக்கே தெரியுமுங், சிஸ்டரம்மா. மூஞ்சி பாக்கல. கையில தழும்பு இருக்குதில்லீங், அதைப் பாத்தனுங்.

— தெரிஞ்சுமா காப்பி வெக்கட்டுமான்னு கேட்டீங்க?

— வூட்டுக்கு வந்தவங்களக் கேக்காம எப்படீங்?

— மன்னிச்சிடுங்கம்மா. சும்மா வாய் வார்த்தைக்காகச் சொல்லல. அந்தக் குழாய்க்குள்ள தலைமுடியை விட மெல்லிசா ஆயிரக்கணக்கான கண்ணாடி இழை இருக்கு. அது வழியாத்தான் டாக்டர் உள்ள பாக்கறார். ஒரு இழை அறுந்தா, அவர் கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. இப்ப பதினோரு புள்ளி. எல்லாரும் அந்தப் புள்ளியை எண்ணிட்டிருந்தோம். கடிச்சவங்க ஏன் கடிச்சாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல.

— இதோ, ஒப்புதல் வாக்குமூலம். இதையும் அடுத்த அச்சில் சேர்த்துவிடுகிறேன். நன்றி, சகோதரி. நீங்கள் போகலாம்.

— சித்தெ இருங், மாமா. அவங்க என்னையப் பாக்க வந்திருக்காங். சிஸ்டரம்மா, நானு வேணும்னு கடிக்கலீங். தலை சீவி, கனகாம்பரம் வெச்சுட்டு வந்தனுங் அன்னைக்கு. போட்டோ புடிக்கறாங்கன்னுதான இவரு சொன்னாரு.

— போட்டோவா?

— ஆமாங். நெஞ்சுல தகடு வெச்சு எடுப்பாங்களே, அப்படி வவுத்துக்கு எடுப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். படுக்கச் சொன்னாங். கசப்பா என்னமோ தொண்டையில பீச்சினாங். நாக்கு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிப்போச்சு. எச்சி முழுங்க முடியல. பல்லுக்கு நடுவுல ஒரு வளையத்தை வெச்சாங். சத்தம் போடாம இருக்கறதுக்கு வாயை அடைக்கறாங்கன்னு நெனச்சுத் துப்பிப்போட்டேன். அப்பறம் பாத்தா பாம்பாட்ட ஒண்ணு வருது. குடிச்ச கஞ்சியெல்லாம் மேல வந்து மூக்குல ஏறுச்சு. சாகடிக்கறாங்கன்னு நெனச்சனுங். அதான் கடிச்சேன்.

— என்ன கஞ்சி?

— ராகிக் கஞ்சிதானுங். கெளம்பறப்ப ரெண்டு லோட்டா குடிச்சேன். வவுத்துல என்னமாச்சும் கெடந்தாத்தான் வலி அடங்குது. வெறும் வவுத்தோட பஸ்ஸுல குலுங்கிட்டு வந்தா தாங்கறதில்லீங்.

— கர்த்தரே. அந்தக் கஞ்சி நுரையீரலுக்குள்ள போயிருந்தா அன்னைக்கே உங்களை இழந்திருப்போம்மா. ராத்திரிக்கு மேல தண்ணிகூடக் கூடாதுன்னு முந்தின நாளே டாக்டர் அவ்வளவு சொன்னாரே.

— ஆருகிட்டச் சொன்னாரு?

— அது...

— எங்கிட்டச் சொல்லலீங். நானு வெராந்தாவுல பெஞ்சு மேல உக்காந்திருந்தேன். ஆருகிட்டச் சொன்னாருங், சிஸ்டரம்மா?

— சார், நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அது கோள் மூட்டின மாதிரி ஆயிடும்.

— அந்த நேரத்தில் மருத்துவர் பொதுவாகச் சில செய்திகளை என்னிடம் விளக்கினார் என்பது உண்மைதான். ஆயினும் நோயாளியிடம் நேரில் கூறுவது அவர்தம் கடமை அல்லவா?

— கடமைதான் சார். அதை நான் மறுக்கல. எங்க வழக்கம் அப்படி ஆயிப்போச்சு. ஆம்பளையை உள்ள கூப்பிடுவோம், பொம்பளையை வெளிய உக்கார வெப்போம். ஆம்பளை கையெழுத்துப் போட்டா ஆய்த்து, வேலை முடிஞ்சதுன்னு அடுத்த சீட்டை எடுப்போம். ஆனா அன்னைக்கு டாக்டர் அவசரப்படல. படம் போட்டுக் காட்டினார். நீங்க கேள்வி கேட்டீங்க. கண்ணாடி இழை எப்படி வேலை செய்யுதுன்னுகூடக் கேட்டீங்க. ‘என் மனைவியிடம் நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்’னு சொன்னீங்க, இல்லையா? நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்.

— எவ்வளவு நேரமுங் சொன்னாரு?

— அரை மணி இருக்கும்மா.

— அரை மணி நேரம். ஏனுங் மாமா, என்னைய நிமிந்து பாருங். ராத்திரிக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுங்கறது உங்களுக்குத் தெரியுமுங்களா?

— தெரியும்.

— கொழா போடறது?

— தெரியும். நீ அஞ்சுவாய் என்று எண்ணினேன். போட்டோ என்றால் மறுக்காமல் வருவாய் என்று... காலையில் நான் எழுவதற்கு முன்பே நீ கஞ்சி குடித்திருக்கிறாய். அதை நான் அறியேன், மாதம்மா. சத்தியமாக அறியேன்.

— குடிக்காதேன்னு சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டனுங்களே. செரி. சிஸ்டரம்மா, அந்த அரை மணி நேரத்துல சொன்னதை இப்ப எனக்குச் சொல்லுங். இவரும் இங்கயே இருக்கட்டும். ஒண்ணு விடாமச் சொல்லுங்.

— சொல்றேம்மா. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு உங்க முறை. இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள கெட்டியில்லாம எதாவது சாப்பிட்டுடுங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் கூடாது. கஞ்சி, காப்பி, தண்ணி, வெத்தலை, எதுவும் கூடாது. வயிறு காலியா இருந்தாத்தான் டாக்டருக்கு உள்ள தெரியும், உங்களுக்கும் மேல ஏறாது.

— வலி வந்தா?

— வரும். அதை மறைக்க முடியாது. இடது பக்கமாச் சாஞ்சு படுத்துக்குங்க. பொறுக்க முடியலைன்னா விடியறதுக்குக் காத்திருக்காம அப்பவே வார்டுக்கு வந்துடுங்க. ஊசி போட்டுக்கலாம். ரூமுக்குள்ள வந்ததும் கட்டுப் பல்லு இருந்தா கழட்டச் சொல்வோம்.

— எனக்கு எல்லாம் சொந்தப் பல்லுதானுங். உங்க கொழாயைக் கேட்டாச் சொல்லும்.

— சிரிக்க வெக்கறீங்களேம்மா. அந்தக் கசப்பு மருந்து இருக்கில்ல, அது தொண்டையை மரத்துப்போக வெக்கறதுக்கு. அது பட்டதும் தொண்டை தடிச்ச மாதிரி, முழுங்க முடியாத மாதிரி இருக்கும். மாதிரிதான். நெசத்துல முழுங்க முடியும், மூச்சும் விட முடியும். அப்புறம் கையில ஒரு ஊசி. கெறக்கமா இருக்கும், முழுசாத் தூங்கிட மாட்டீங்க. நான் பேசறது கேக்கும்.

— அந்த வளையம்?

— அது வாயை அடைக்க இல்லம்மா. உங்க பல்லும் நோகாம, குழாயும் நோகாம இருக்க. லேசாக் கடிச்சுட்டே இருக்கணும். இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுப்பீங்க. குழாய் என் சுண்டு விரலை விடக் கொஞ்சம் தடிமன். தொண்டைக்கிட்ட வரும்போது ‘இப்ப முழுங்குங்க’ன்னு சொல்வோம். சோத்து உருண்டையை முழுங்கற மாதிரி ஒரு தடவை. அதுதான் கஷ்டமான இடம். ஓங்கரிக்கும், கண்ணுல தண்ணி வரும். ஒரு வெத்தலை மெல்லற நேரம்கூட ஆகாது.

— மூச்சு?

— மூச்சுக் குழல் வேற, சோத்துக் குழல் வேற. இது சோத்து வழியில போகுது. மூக்கால மெதுவா இழுத்து விட்டுட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. எச்சிலை முழுங்காதீங்க, கன்னத்து வழியா வழிய விட்டுடுங்க. தட்டு வெச்சிருப்போம். வெக்கப்படாதீங்க.

— இது உங்களுக்குத் தெரியுமுங்களா, மாமா? மூச்சு வழி வேறங்கறது?

— தெரியும்.

— மூச்சு போயிருச்சுன்னுதானுங் நானு கடிச்சேன். செரி, நீங்க சொல்லுங் சிஸ்டரம்மா.

— வயிறு விரியறதுக்குக் காத்து ஊதுவாங்க. உப்பின மாதிரி இருக்கும், ஏப்பம் வரும். அடக்க வேண்டாம். உள்ள குழாய் நகர்றது தெரியும், ஆனா வலிக்காது. எல்லாம் பத்து நிமிஷம். நடுவுல உங்களால முடியலைன்னா வலது கையைத் தூக்குங்க. டாக்டர் நிறுத்துவார். நிறுத்தலைன்னா நான் நிறுத்துவேன். இது எங்க வழக்கத்துல இல்லாதது. மத்தியானம் டாக்டருக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

— தலையைப் புடிப்பீங்களா?

— நீங்க சொன்னாத்தான் பிடிப்பேன். முடிஞ்சப்புறம் ஒரு மணி நேரம் தண்ணி கேக்காதீங்க. தொண்டை மரப்பு விடற வரைக்கும் குடிச்சாப் பொறையேறிடும். ரெண்டு நாளைக்குத் தொண்டை கரகரன்னு இருக்கும். தனியா பஸ் ஏறக் கூடாது, கெறக்கம் இருக்கும். வீட்டுக்கு வந்தப்புறம் திரும்ப ரத்த வாந்தி, பலமான வலி, காய்ச்சல், எது வந்தாலும் உடனே வந்துடணும். ஆயிரத்துல ஒருத்தருக்கு உள்ள கீறல் படலாம். அதையும் டாக்டர் சொன்னார்.

— அவ்வளவுதானுங்களா?

— இன்னொண்ணு இருக்கும்மா. உள்ள புண்ணைப் பாத்தா, அதுல இருந்து அரிசி முனையளவு சதையைக் கிள்ளி எடுப்பார். கிள்ளறது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

— எதுக்குங் கிள்ளறது?

— பரிசோதனைக்கு அனுப்பறதுக்கு.

— என்ன பரிசோதனை? ஏனுங் சிஸ்டரம்மா, என்ற மூஞ்சியப் பாக்காம இவரைப் பாக்கறீங்க? மாமா, இதும் உங்களுக்குத் தெரியுமுங்களா?

— மாதம்மா, இன்று இவ்வளவு போதும். நீ களைத்திருக்கிறாய். சகோதரி, தயவுசெய்து...

— மேடையாட்டப் பேசாதீங். வூட்டுல பேசறாப்பல பேசுங். தெரியுமா, தெரியாதா?

— தெரியும் புள்ளே.

— சொல்லுங்.

— புத்தா இருக்குமோன்னு... புத்து நோயா இருக்குமோன்னு டாக்டருக்கு ஒரு சந்தேகம். நிச்சயமில்ல. சும்மா புண்ணாவும் இருக்கலாம்னாரு. கிள்ளிப் பாத்தாத்தான் தெரியுமாம்.

— எப்பச் சொன்னாரு?

— அன்னைக்கேதான்.

— ரெண்டு வாரம். ரெண்டு வாரமா நீங்க இதை மனசுல வெச்சுட்டு, எம் பக்கத்துல உக்காந்துட்டு நோட்டீஸ் எழுதிட்டிருந்தீங்களா?

— உனக்குச் சொன்னா நீ அழுவே. நீ அழுதா நானு என்ன பண்ணுவேன் புள்ளே? எனக்குப் பயமா இருந்துச்சு. உனக்கில்ல. எனக்கு. இந்தக் காயிதத்தை எழுதறப்பத்தான் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரன் மேல கோவப்படறப்ப அந்தப் பேச்சு நெனப்புல வரல.

— சார், இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அழுவட்டும் உடுங் சிஸ்டரம்மா. ரெண்டு வாரத்துக்கும் சேத்து அழுவட்டும். மாமா, பொம்பளைக்கும் மூளை உண்டுன்னு மணிக்கணக்காப் பேசறீங். கூட்டமெல்லாம் கை தட்டுது. பின்னால உக்காந்து நானும் தட்டியிருக்கறேன். என்ற தொண்டைக்குள்ள என்ன போகுது, என்ற வவுத்துல என்ன இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லோணும்னு மட்டும் தோணாமப் போயிருச்சே. அழுவேன்தான். அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். ஹனூருல எங்கக்காளுக்கு ஒரு காயிதம் போட்டிருப்பேன். கஞ்சியைக் குடிக்காம இருந்திருப்பேன். ரெண்டு வாரம் முன்னாலயே உள்ள என்னன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப அந்த ரெண்டு வாரத்தை ஆரு குடுப்பாங்?

— மாதம்மாக்கா, நாளைக்கு வருவீங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் உங்க பேரை முதல்ல போட்டு வெக்கறேன்.

— வர்றனுங். எட்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி தொட மாட்டேன். நீங்க தலையைப் புடிச்சுக்குங். புடிக்கறதுக்கு முன்னால புடிக்கறேன்னு சொல்லிப்போட்டுப் புடிங். அப்பறம், என்ற சீட்டுல எழுதினீங்களே.

— அதை அடிச்சுடறேம்மா.

— அடிச்சாப் பத்தாதுங். அங்கயே, ‘இந்தப் பொம்பளைக்கு ஆரும் சொல்லல’ன்னு எழுதோணும். அடுத்து வர்ற டாக்டரு படிக்கோணுமில்லீங். கிள்ளின சதைக்கு என்ன பதில் வந்தாலும் எங்கிட்டச் சொல்லோணும். இவருகிட்ட இல்ல. எங்கிட்ட. இவருக்கு நானு சொல்லிக்கறேன்.

— சரிம்மா. நாளைலேருந்து பெஞ்சுல உக்காந்திருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன். யாரு கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி.

— புள்ளே, அந்த நோட்டீசுக் கட்டை எடுத்து அடுப்புல போட்டுடறேன். ஐந்நூறு நோட்டீசு. அச்சாபீசு முனிராஜுகிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்.

— ஏனுங் எரிக்கறீங்? அதுல எழுதினது பொய்யா? ஆஸ்பத்திரியிலயும் தப்புதான். சிஸ்டரம்மாளே ஒத்துக்கிட்டாங்களே. பாதிதான் எழுதியிருக்கறீங். பின்பக்கம் வெறுமையாத்தானே கெடக்குது? மீதியை அதுல அச்சடிங். பேனாவை எடுங். சிஸ்டரம்மா, நீங்களும் இருந்து கேட்டுட்டுப் போங்.

— என்ன எழுத?

— மொதல்ல உங்க பேரு. ‘கையெழுத்துப் போட்ட லிங்கப்பன் நான்தான். அரை மணி நேரம் கேட்டதை என்ற பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.’ எழுதிட்டீங்களா?

— “...என் வாழ்க்கைத் துணைவியிடம் ஒரு சொல்லும் உரைத்தேனில்லை.”

— நானு சொல்றாப்பலயே எழுதுங். உங்க பாசையில எழுதினா கை தட்டிட்டுப் போயிருவாங். கடேசி வரி இது: ‘இதைப் படிக்கறவங்களே, உங்க வூட்டுல ஆருக்காச்சும் வைத்தியம் பாக்கறதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தச் சீக்கு இன்னதுன்னு, அவங்களுக்கு என்ன செய்யப்போறாங்கன்னு, அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லுங்க. ஒண்ணும் தெரியாமப் படுத்துக் கெடக்கறாங்க. இந்தக் காயிதத்தைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுப் போங்க.’